எட்டு ஓட்டத்தில் ஒரு லாரி

என் அண்ணனைத் திருடன் என்று முதலில் சொன்னது நான் எழுதிய நிரல். அடுத்துச் சொன்னவள் நான்.

எனக்கு மலேசியாவின் செனாவாங்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ரந்தாவ் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றி வரும் லாரிகளின் பதிவுகள் நொடிக்கு நொடி எங்களிடம் வந்துகொண்டே இருக்கும். உள்ளே நுழைந்தது, எடை போட்டது, வெளியேறியது என்று லாரிக்கு மூன்று பதிவுகள். எடை போடாமல் வெளியேறினால், ஏற்றி வந்த குலைகளை வெளியே கடத்துகிறார்கள், குலைத் திருட்டு என்று திரை சிவக்கும். ஒரு நாள் சிவந்தது அண்ணன் ஓட்டும் லாரி. ஆலை அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

"எடை போட்டுட்டுத்தான் வந்தேன்லா," என்றான்.

"அப்புறம் ஏன் சிஸ்டம் அப்படிக் காட்டுது? உண்மையச் சொல்லுண்ணே."

மூன்று நாள் இதையே கேட்டேன். வாய் கூசவில்லை எனக்கு. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அலுவலகத்தில் மேலாளர், "எஸ்டேட் ஆளுங்க இப்படித்தான்," என்றார். இவர் தாத்தா எஸ்டேட்டில் கணக்கெழுதிய கிராணி, என் தாத்தா அங்கே ரப்பர் பால்மரம் சீவியவர். அந்த மூஞ்சியைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அண்ணன்மேல் ஆத்திரம். ஆதாரத்தை எடுத்து அவன் முகத்தில் எறிய வேண்டும் என்றே அவன் லாரி சிவந்த நாளின் பதிவுகளை நிரலில் மறுபடி ஓட்டினேன்.

அண்ணன் லாரி சிவக்கவில்லை. வேறொருவன் லாரி சிவந்தது. இன்னொரு முறை ஓட்டினேன், மூன்றாவது ஆள். அதே நாள், அதே பதிவுகள், தடவைக்கு ஒரு திருடன்!

அமைப்புகளைத் திறந்தேன். ஒரே ஓட்டமாக, வந்த வரிசையில் நடந்த வேலை எட்டு இணை ஓட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு லாரியின் மூன்று பதிவுகளும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஓட்டத்தில் சிக்க, எடைப் பதிவு பின்தங்கியது, வெளியேறிய பதிவு முந்திக்கொண்டது. வேகம் போதவில்லை என்று மேலாளர் கத்திய அன்று ஒன்றை எட்டாக்கியது யார் என்று பார்த்தேன். என் பெயர். அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன்.

ஒரு லாரியின் பதிவுகள் எல்லாம் ஒரே ஓட்டத்துக்குப் போகும்படி திருத்தினேன். மறுபடி ஓட்டியதில் ஒரு லாரியும் சிவக்கவில்லை.

"நெட்வொர்க் பிரச்சினைன்னு எழுதிடு, முடிஞ்சது," என்றார் மேலாளர்.

"ஒரு மனுசன் பேரு நாறிக் கிடக்கு சார். நீங்க வேணா எழுதுங்க," என்றேன். தவறு என்னுடையது என்று ஆலைக்கு எழுதி அனுப்பினேன். மறுநாளே அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான்.

"என்னைய மூணு நாள் கேட்ட. அந்த சிஸ்டத்த ஒரு நாள் கேட்டிருந்தா போதும்லா."

நான் கதவருகிலேயே நின்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பினான்.