உச்சிவெயிலில் நின்ற கார்

எங்கள் மாட்டுக்கொட்டகையில் மாடு நிற்கவேண்டிய இடத்தில் அந்த வருஷம் ஒரு கார் வளர்ந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் செமிலிங் ஊருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை, பங்களாவுக்குப் பின்னால் பழைய கார்ச் சட்டம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். தோட்டத்து லோரி ஓட்டிய என் தாய்மாமா, உடைந்துபோன அந்த லோரியின் இஞ்சினையே அதன்மேல் ஏற்றினார். பால் வாளித் தகரத்தை வெட்டி முகப்பு செய்தார். எங்கள் வீட்டு பெஞ்சு பின் இருக்கையானது. அம்மாவே அதைத் தூக்கிக் கொடுத்தாள். வேலையில்லாத ஆண்களையெல்லாம் ரயில்பாதை போட சயாம் காட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்; போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. ஓடுகிற காரோடு வந்தால் டிரைவராக இங்கேயே வைத்துக்கொள்வதாக ஜப்பான் அதிகாரி, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மூலமாக மாமாவிடம் சொல்லியிருந்தார்.

எனக்குக் கார்புரேட்டர் என்ற சொல்லைத் தடுக்காமல் சொல்ல வரும். அதனால் பாதி இஞ்சினியர் என்ற நினைப்பு. பள்ளிக்கூடப் பையன்களையெல்லாம் அதிகாரி முன்னால் கார் ஓடுவதை வேடிக்கை பார்க்க நானே அழைத்திருந்தேன்.

டயர்தான் எங்கும் கிடைக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு டயருக்குப் பஞ்சமா என்று மாமா, புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைச் சக்கரத்தில் இறுகச் சுற்றிக் கம்பியால் கட்டினார். அந்த ரப்பரைக் கந்தகம் போட்டு வேகவைத்தால்தான் டயராகும் என்பது, மரம் சீவியே பிழைத்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. விடியற்காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்தபோது கார் ஜோராகத்தான் ஓடியது.

காலையில் வருவதாகச் சொன்ன அதிகாரி உச்சிவெயிலில் வந்தார். அதுவரை கார், ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் காய்ந்தது. மாமா இஞ்சினைக் கிளப்பினார். கொஞ்சதூரம் நகர்ந்ததும் இளகிய ரப்பர் தரையோடு ஒட்டிப் பலாப்பால் போல இழுபட்டது. சரளைக்கல், சருகு, கோழி இறகு எல்லாம் சக்கரத்தில் ஏறிக்கொண்டன. கார் நின்றுவிட்டது. அதிகாரி சிரித்தார். அவர் சிரித்ததும் கிராணி சிரித்தார். கிராணி சிரித்ததும் தோட்டமே சிரித்தது.

"டேய், உங்க மாமா காரு ஓடலடா, தோசை ஊத்துது" என்றான் என் பக்கத்து பெஞ்சுக்காரன்.

எனக்கு முகம் எரிந்தது. மாமா யாரோ நான் யாரோ என்பதுபோலக் கூட்டத்தின் பின்னால் நகர்ந்தேன். மாமா மண்டியிட்டு வெறுங்கையால் ரப்பரைப் பிய்த்துக்கொண்டே, "கொஞ்சம் பொறுங்கய்யா, வெயில் தாழ்ந்தா ஓடும்யா" என்று அதிகாரிக்குப் புரியாத தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் இப்படிக் கெஞ்சுகிறாரே என்பது கார் நின்றதைவிடப் பெரிய அவமானமாக இருந்தது எனக்கு.

அந்த வாரமே ஆள் ஏற்ற லோரி வந்தது. பையன்கள் வாசலில் நின்றதால் நான் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன். லோரியில் ஏறுவதற்கு முன் மாமா ஜன்னலோரம் வந்து, "மருமவனே, தகரம் துரு ஏறாம பாத்துக்க லா. வந்து மிச்சத்தச் செய்வோம்" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா ஏன் அப்படி மண்ணில் விழுந்து அழுகிறாள் என்றும் எனக்கு விளங்கவில்லை. அன்று நான் பயந்தது ஒன்றுக்குத்தான்: மாமா சீக்கிரமே திரும்பி வந்து, அந்தக் காரை மறுபடியும் வெளியே எடுத்துவிடுவார் என்று.