கொண்டை ஊசி வளைவில் நேர்விகிதம்

கணக்கு வாத்தியார் வேலையில் கரும்பலகையில் போடும் வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிள்ளைகள் பக்கம் திரும்பினால்தான் வம்பு. என்னைப் போல் சாக்பீஸும் கையுமாக முழித்தவர்களுக்கு இது புரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலத்திலிருந்து மலையேறி நாகலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், கல்வி அதிகாரி வந்து என் ஏழாம் வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுத வேண்டும். பாடம் நேர்விகிதம். ஒன்றுக்கு எவ்வளவு என்று கண்டுபிடி, பிறகு பெருக்கு. இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

பஸ் கணக்கு

"ஒரு மணி நேரத்தில் முப்பது கிலோமீட்டர் போகும் பஸ், மூன்று மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகும்?" என்றேன். முன் பெஞ்சு முருகேசன் எழுந்து, "ஏறறப்பவா, எறங்கறப்பவா சார்?" என்றான். ஏற்றம், இறக்கம், வளைவு எதுவுமே இல்லாத ரோடு என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். வகுப்பே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அப்ப அது சேலத்துப் புள்ளைங்களுக்குப் போட்ட கணக்குங்க சார்" என்றான் முருகேசன்.

சோற்றுக் கணக்கு

சரி, பஸ் வேண்டாம், சோறு எல்லோருக்கும் பொதுதானே என்று மாற்றினேன். நாற்பது பேருக்கு நாலு கிலோ அரிசி, அறுபது பேருக்கு எவ்வளவு? பிள்ளைகள் விரலை மடக்குவதற்குள், பக்கத்துச் சத்துணவுக் கூடத்தின் ஜன்னலில் ஆயா சரசக்காவின் தலை தெரிந்தது. கையில் கரண்டி.

"ஏனுங்க சார், முட்டை போடற அன்னிக்கா, போடாத அன்னிக்கா? முட்டைன்னா போன வருசம் படிச்சு முடிச்சவனும் தட்டோட வந்துருவானுங்க."

பழக் கணக்கு

அதிகாரி வந்தே விட்டார். அவரே கணக்குப் போட்டார்: "ஒரு ஆள் ஒரு நாளைக்கு இருபது கிலோ காபிப் பழம் பறித்தால், ஐந்து நாளில்?" செல்வி எழுந்தாள். அவள் அம்மா எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"மொதப் பறிப்புங்களா, நடுப் பறிப்புங்களா?" என்றாள். என் வேலை கண்ணெதிரே மலையிறங்கிப் போனது. "எதுவானால் என்ன?" என்று அதிகாரி புருவத்தைத் தூக்கினார். "மொதப் பறிப்புல பழுத்ததைத் தேடித் தேடிப் பறிக்கோணுங்க, நாளுக்கு நாள் எடை மாறும். நடுப் பறிப்புன்னா கொத்தாப் பழுத்திருக்கும். தெனமும் அதே இருபதுன்னா நூறு கிலோங்க. மாறுச்சுன்னா பெருக்கக் கூடாதுன்னு சார்தான் சொல்லிக் குடுத்தாருங்க."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. அதிகாரி என் கையைக் குலுக்கி, ஏட்டில் நல்லதாகவே எழுதிவிட்டுப் போனார். செல்வியைக் கூப்பிட்டு, "நான் எப்ப கண்ணு அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலைங்க சார். உங்க மூஞ்சியப் பாத்தேன், நொம்பப் பாவமா இருந்துச்சு."

அந்த வருஷம் ஏழாம் வகுப்பில் நேர்விகிதத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டது நான் ஒருவன்தான், அதற்குச் சம்பளமும் எனக்கே கொடுத்தார்கள்.