அம்மாவுக்காக நான் பேசியது

அம்மாவின் வலது கண் என்னால்தான் போயிற்று என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பேசுவதில் நான் கெட்டிக்காரி.

அப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்களில் கூலி வேலை செய்தார்கள். லீவுக்குப் போனால் ரேஷன் கடையில், பஸ்ஸில், பஞ்சாயத்து ஆபீசில் என்று எல்லா இடத்திலும் அவர்களுக்காக நானே பேசுவேன். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு 'ஏனுங்க சாமி' என்று ஆரம்பிப்பதை என்னால் பார்க்க முடியாது.

அந்த வருஷம் ஹாஸ்டலில் மெட்ராஸ் ஐ பரவியது. எனக்கு வரவில்லை. பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்ததால் வார்டன் எல்லோரையும் ஊருக்கு அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால், அம்மா முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாஸ்டலில் பார்த்த அதே சிவப்பு, அதே வீக்கம்.

"அது வந்து கண்ணு, வெசாலக்கெழம..." என்று ஆரம்பித்தாள்.

"கதையெல்லாம் அப்புறம். சேலைய மாத்திட்டுக் கெளம்பு" என்றேன்.

பஸ்ஸில் மறுபடியும் வாயைத் திறந்தாள். "பக்கத்தூட்டுப் புள்ள தாய்ப்பால் உட்டுச்சு. அப்பவும் கேக்குல."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தாய்ப்பாலா? இதை டாக்டர்கிட்டச் சொல்லித் தொலையாதே" என்றேன். அதற்கப்புறம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் வயசானவர். "என்னம்மா பண்ணுது?" என்று அம்மாவைத்தான் கேட்டார்.

அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "ஏனுங்க சாமி, வெசாலக்கெழமைங்க. பெரிய தோட்டத்துல ஆள் பத்தலைன்னு கூப்புட்டாங்க. நானும் எங்க நங்கையாளும் வெடியாலயே போனமுங்க..."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமில்லை. எனக்குத்தான் அவசரம். இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அது தாய்ப்பாலில் போய் முடியும். அதற்குள் குறுக்கே புகுந்து, மெட்ராஸ் ஐ, எங்கள் ஹாஸ்டலில் எல்லோருக்கும் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "என்ன படிக்கறே?"

"சுவாலஜி சார்."

"வெரி குட்."

அந்த இரண்டு வார்த்தை எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. பாப்பா சொன்னதுதானுங்க."

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. நான் பெருமையோடு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். பத்து நாள் கழித்து அப்பா ஊர்க் கடையிலிருந்து போன் செய்தார். "அம்மணி, உங்கம்மாளுக்குக் கருமுழியில வெள்ளையா என்னமோ நிக்குது. பார்வையே இல்லேங்குறா."

கோயம்புத்தூரில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவரச் சொன்னேன். அங்கே ஒரு லேடி டாக்டர். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உங்களக் கேக்கலைங்க. அவங்க சொல்லட்டும்."

அம்மா சொன்னாள். வியாழக்கிழமை, பெரிய தோட்டம், கூடப் போன நங்கையாளாகிய என் அத்தை, வேலை கரும்பில் சோகை என்கிற காய்ந்த தோகையை உரிப்பது. "காஞ்ச சோகைய இழுக்கறப்ப அதும்பட ஓரம் சர்ருனு கண்ணுல அறுத்துருச்சுங்க. வாய்க்கால் தண்ணியில கழுவிப்போட்டு மிச்சத்தையும் உரிச்சனுங்க." தாய்ப்பாலையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சோகை பட்டுச்சுன்னு மொதல்ல பாத்த டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்லீங்க. மறந்துபோட்டனுங்க."

காய்ந்த இலையிலிருந்து கண்ணுக்குள் பூஞ்சை போயிருக்கிறது, சிவப்புக்காகப் போட்ட மருந்து அதை வளர்த்துவிட்டது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்களாம். ஒரு மாசம் வைத்துப் பார்த்தார்கள். பார்வை திரும்பவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, அப்போதும் நான்தான் கேள்வி கேட்டேன். "நீ ஏம்மா அன்னைக்கே சொல்லலே?"

"நீ இங்கிலீசுல பேசிட்டிருந்தே. அவுரும் உன்னையச் சரிசமமா வெச்சுப் பேசுனாரு. நடுவால நான் பூந்து சோகை, தாய்ப்பாலுன்னு ஒளறுனா உனக்குக் கேவலமில்லையா கண்ணு?"

கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே எனக்காகத்தான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

இப்போது உடம்புக்கு ஏதாவது என்றால் அம்மா தனியாகவே பஸ் ஏறிப் போகிறாள். நான் ஊரில் இருந்தாலும் சொல்வதில்லை. போன மாசம் மாத்திரைக் கவரைப் பார்த்துவிட்டு, என்ன செய்கிறது என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமானாலும் கேட்பதாகத்தான் இருந்தேன்.

"ஒண்ணுமில்ல கண்ணு" என்று எழுந்து வெளியே போய்விட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பது உள்ளே கேட்டது. நான் வாசலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.