பச்சை டிக் வரும்வரை தொடாதீர்கள்

புது கம்ப்யூட்டரை மேஜையில் வைப்பது கால் மணி நேர வேலை. அதற்குத் தலைமை அலுவலகத்துப் புத்தி வந்து சேரும்வரை பக்கத்தில் யாரையும் விடாமல் காவல் காப்பதுதான் எங்கள் தொழில்.

உங்களுக்கு ஒரு சிரிப்பு தருவதாக வாக்குக் கொடுக்கிறேன். ஒருவர் இரண்டு நாள் முழுசாக ஏமாந்த கதை. ஆனால் இப்போது கிடையாது. திரையில் வட்டம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு "வரும், வரும்" என்று உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, அதே மாதிரி உட்காருங்கள். அவசரப்பட்டுக் கடைசிப் பத்திக்குத் தாவுகிறவர்களுக்காக நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிவரும்.

எனக்குப் பத்தொன்பது வயது. டிப்ளமோ முடித்த கையோடு திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சேகர் அண்ணனின் சர்வீஸ் கடையில் சேர்ந்து, ஆறு மாதமாகப் பிரிண்டருக்கு டோனர் பொடி நிரப்பிக்கொண்டிருந்தேன். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். அப்போதுதான் செங்கம் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை மையத்துக்குப் பன்னிரண்டு புது மெஷின் வந்தது. எந்தப் பிரிண்டர், என்ன மாதிரி பாஸ்வேர்டு, பென்டிரைவ் செருகலாமா கூடாதா என்ற செட்டிங் எல்லாம் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து நெட் வழியாகத் தானாக இறங்க வேண்டும். இறங்கி முடித்தால் என் போனில் அந்த மெஷினுக்கு நேரே ஒரு பச்சை டிக் விழும். ஒரு மெஷினுக்கு அரை மணி ஆகும், இன்னொன்றுக்கு எட்டு மணி நேரம் ஆகும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நடுவில் அணைத்தால் திரும்ப முதலிலிருந்து.

வியாழக்கிழமை காலை சேகர் அண்ணன் வேலையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள பன்னெண்டும் பச்சை ஆவணும். ஆவலைன்னா திங்கக்கிழமைலேர்ந்து நீ டோனர்தான்."

பொட்டு

வரவேற்பு மேஜை மெஷினில் விரலை வைத்தால் திறக்க வேண்டும் என்பது ஒரு செட்டிங். திறக்கவில்லை. செட்டிங் இன்னும் வரவில்லை போல என்று, அதை மறுபடி இழுக்கும் சிங்க் பட்டனை அழுத்தினேன். காத்திருந்தேன். மறுபடி அழுத்தினேன். இப்படியே இரண்டு மணி நேரம். கடைசியில் போனில் இருக்கும் பட்டியலைப் பார்த்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மெஷினுக்குத்தான் செட்டிங் இறங்கியிருக்கிறது.

காலையில் லேப் டெக்னீஷியன் பிரகாஷ் அண்ணன் மெஷின்களுக்குப் பூஜை போட்டிருந்தார். பன்னிரண்டுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். இந்த மெஷினில் மட்டும் பொட்டு வைக்க வாகாக ஒரு சின்னச் சதுரம் தெரிந்ததாம். அதுதான் விரல் வைக்கிற இடம். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போனேன். பிரகாஷ் அண்ணன் குறுக்கே நின்றார்.

"வெச்ச பொட்டை அன்னிக்கே துடைக்கிறியே, நீ வேலைக்கு வந்தியா, விளங்காமப் பண்ண வந்தியா?"

மெயின் சுவிட்ச்

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வாசலில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால், உள்ளே பன்னிரண்டு திரையும் இருட்டு. கரண்ட் கட் என்று நினைத்தேன். எதிர்க் கடையில் ஃபேன் ஓடுகிறது.

துப்புரவு வேலை பார்க்கும் மல்லிகா அக்கா மெயினையே அணைத்திருந்தார். தினமும் அப்படித்தானாம். செட்டிங் பாதி இறங்கி நிற்கிறது, அணைத்தால் போச்சு என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் ஓடுதுன்னு நாலு வாட்டி என்னைத்தான் திட்டினாங்க. உன் பொட்டி பொறுத்துக்கும், அவங்க பொறுத்துப்பாங்களா?"

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டை மெயின் சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றபடியே சாப்பிட்டேன்.

மூக்கால் ஒரு போன்

அக்காவைச் சமாளித்தாயிற்று. பிரகாஷ் அண்ணனைச் சமாளிக்க முடியவில்லை. அவருக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் வட்டம் சுற்றினால் கை ஊறும். ரீஸ்டார்ட். நான் தலையில் கை வைத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் கழித்து, ரீஸ்டார்ட். அவரைப் பார்த்து மற்றவர்களும். மேனேஜர் கலைவாணி மேடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை காலை என் போனில் ஒரே ஒரு டிக்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் குரலையும் இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை அது என் வாயிலிருந்து வரும். வேலூர் பஸ் கண்டக்டர், பௌர்ணமிக்கு மைக்கில் கூட்டத்தை நகர்த்தும் போலீஸ்காரர், வாடிக்கையாளரிடம் சேகர் அண்ணன் போடும் குழைவு, எல்லாம் கைவசம். தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கும் ராகவன் சாரை வீடியோ காலில் இரண்டு தடவை கேட்டிருந்தேன். பேச்சு முழுக்க மூக்கு வழியாக. எதையும் "பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டு மூன்று விநாடி நிறுத்துவார், லைன் கட்டாகிவிட்டதோ என்று நமக்குப் பயம் வரும்வரை.

மாடிப்படியில் நின்று, மேடத்தின் மேஜையில் இருக்கும் லேண்ட்லைனுக்குப் போட்டேன். அதில் நம்பர் தெரியாது. மேடம் எடுத்ததும் மூக்கால் சாப்பாட்டை விசாரித்துவிட்டு ஆரம்பித்தேன். "பாருங்க." ஒன்று, இரண்டு, மூன்று. "பச்சை டிக் வர்ற வரைக்கும் ஒரு மெஷின்லயும் யாரும் கை வைக்கக் கூடாது. நான் இங்கேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன்." உள்ளே திரும்பியபோது பிரகாஷ் அண்ணன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அங்கேர்ந்து நம்ம கையெல்லாம் தெரியுமாடா?"

கூடுதல் உத்தரவு

வெள்ளி மதியத்துக்குள் ஆறு டிக். இன்னொரு தடவை உறுதிப்படுத்தலாம் என்று மறுபடி மாடிப்படிக்குப் போனேன். மேடம் எடுத்தார். "சார், நல்லவேளை நீங்களே பண்ணிட்டீங்க. ஸ்பீக்கர்ல போடறேன். பிரகாஷ் டீக்குப் போனா அரை மணி நேரம் ஆவுது, கொஞ்சம் சொல்லுங்க சார்" என்றார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்கால், டீக்குப் பத்து நிமிஷம் என்று உத்தரவு போட்டேன்.

சாயந்திரம் மூன்றாவது போன். இந்தத் தடவை மேடம் ஒரு பட்டியலே வைத்திருந்தார். அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டும். வெள்ளைக் கோட்டுப் பொத்தான் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "பாருங்க" சொல்லி நிறைவேற்றினேன். ஒரு மேனேஜரையே இப்படி ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அன்று மாலைக்குள் பத்து டிக். பிரகாஷ் அண்ணன் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு என்னிடம் வந்து புலம்பினார்.

"செட்டிங் மெஷினுக்கா எனக்கா தம்பி?"

ராகு காலம்

சனிக்கிழமை காலை ஒன்பதே கால். பதினோராவது, மாடி அறையில் இருக்கும் டாக்டரின் மெஷின். புது பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. அவர் அதை வைத்தால்தான் மீதி செட்டிங் இறங்கும். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை வரைக்கும் ராகு காலம்பா. இப்ப வெச்சா எனக்குத் தங்காது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்து ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

இன்னொரு போன் போடலாமா என்று யோசித்தேன். ராகு காலத்தைத் தள்ளிவைக்க ராகவன் சாருக்கும் அதிகாரம் கிடையாது. வாசலிலேயே நின்றேன். பத்து முப்பத்தொன்றுக்கு ஒற்றை விரலால், நல்ல நேரத்தில், புது பாஸ்வேர்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் டிக் விழுந்தது. கீழே வந்து மூச்சு விடுவதற்குள் டாக்டரிடமிருந்து போன்.

"தம்பி, நான் இப்ப என்ன வெச்சேன்?"

பன்னிரண்டாவது

கடைசி மெஷின் மேடத்தினுடையது. மூன்று நாளாக அசையவே இல்லை. கேபிளை மாற்றினேன். யாரும் பார்க்காதபோது நானே ரீஸ்டார்ட் செய்தேன். இரண்டரை மணிக்குப் பட்டியலை வரி வரியாகப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. வியாழக்கிழமை அந்த மெஷினை நானே திருவண்ணாமலைக்குப் பதில் வேலூர்க் கிளைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். மாற்றும் அதிகாரம் சென்னைக்குத்தான். அதாவது நிஜ ராகவன் சாருக்கு.

டோனரா, மானமா என்று யோசிக்க நேரமில்லை. மேடத்தின் மேஜையிலிருந்தே போட்டேன். "ஸ்பீக்கர்ல போடு தம்பி, நானும் கேக்கறேன்" என்றார் மேடம். நிஜ மூக்கு பேசியது. தப்பு என்னுடையது சார் என்று ஒத்துக்கொண்டேன். மூன்று விநாடி நிசப்தத்துக்குப் பிறகு, மாற்றிவிடுவதாகச் சொன்னார். நேற்றைய போன்களைப் பற்றி மேடம் ஏதாவது கேட்டால் தொலைந்தேன் என்று லைனைக் கட் பண்ணத் தயாராக விரலை வைத்திருந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் இரண்டு மணி நேரம் மேடத்தின் மேஜையை விட்டு நகரவில்லை. நாலு ஐம்பதுக்குப் பன்னிரண்டாவது டிக். சேகர் அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பையை மாட்டினேன்.

"தம்பி, திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு ராகவன் சார் குரல்ல ஒரு போன் போட்டுடு. பிரகாஷ் லேட்டா வர்றதையும் கொஞ்சம் சொல்லணும்" என்றார் மேடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பை தோளிலிருந்து நழுவியது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"மொத போன்லேர்ந்துதான். ஹெட் ஆபீஸ்காரரு என்னிக்குப்பா போனை எடுத்ததும் 'சாப்டீங்களா மேடம்'னு கேட்டிருக்காரு?"

ஆக, அந்த ஆபீசில் மொத்தம் பதிமூன்று மெஷின். அதில் ரொம்ப லேட்டாக செட்டிங் ஏறியது எனக்குத்தான்.