மூக்காண்டி சோமனூருக்கு வந்த கதை

சோமனூரில் என்னைத் திட்டுகிறவன்கூட "போங்க" என்றுதான் திட்டுகிறான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆளான எனக்கு நாற்பது வருசமாகியும் இது பழகவில்லை. நம்ம ஊரில் கோபம் என்றால் முகத்தில் தெரியும். இங்கே மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படித் தேடித்தான் நான் முன்னுக்கு வந்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், கூலிக்குத் தறி ஓட்ட வந்தவன், இன்றைக்கு விசைத்தறிக் குடோனுக்கு முதலாளி. என்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

அதனால், பக்கத்துத் தறிக்குடோன் முதலாளி ருக்மணி என்னிடம் வேலை செய்யும் ஒடிசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு போடுகிறாள் என்று கேள்விப்பட்டதுமே எனக்கு விசயம் விளங்கிவிட்டது. தாயும் தகப்பனும் என் தறியில் நிற்க, பிள்ளைகள் பஞ்சுத் தூசியில் கேட்பாரற்றுக் கிடந்தது உண்மைதான். ஆனால் சும்மா யார் சோறு போடுவார்? பிள்ளை தின்கிற இடத்துக்குத் தாயும் வேலைக்குப் போய்விடுவாள். ஆள் கிடைக்காத காலம். அந்தக் குடும்பங்கள் போனால் என் குடோனைப் பூட்ட வேண்டியதுதான்.

நேரிலேயே கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, பசிக்குதுன்னு வந்துச்சுங்க. ஒரு கை அரிசி சேத்திப் போட்டேனுங்க."

"அம்புட்டுத்தானா?"

"நீங்களும் சாப்புட்டுப் போங்கண்ணா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் மோசம்.

எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் எனக்குப் பிடித்தது ராசாவும் இல்லை, ராணியும் இல்லை. களவாணி மூக்காண்டிதான். ஆள் இல்லாத வீடு என்று சுவரேறிக் குதிப்பான். உள்ளே தாயில்லாப் பிள்ளைகள் பட்டினியாகக் கிடக்கும். தகப்பன் எங்கோ குடித்துவிட்டுக் கிடப்பான். பானையைத் திருட வந்தவன் அதே பானையில் கஞ்சி காய்ச்சி ஊட்டுவான். அப்புறம் அந்த வீட்டைவிட்டுப் போகவே மாட்டான். ஊரே விசிலடிக்கும், நான் அழுவேன். சோமனூர் டீக்கடையில் இந்தக் கதையை நான் சொல்லாத நாளில்லை. என்னைப்போல் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆளும் இல்லை. மூக்காண்டியை நம்பலாம், என்ன எடுக்க வந்தான் என்று நமக்குத் தெரியும். ருக்மணி விசயத்தில் அது தெரியவில்லையே.

போன வாரம் அவள் வீட்டுப் பின்பக்கச் சுவரில் ஏறிக் குதித்தேன். என் வயதில் எவன் குதிப்பான்! பிள்ளைகளிடம் என்ன ஓதுகிறாள் என்று காதால் கேட்டுவிட வேண்டும்.

"அப்புறம் பாருங்க கண்ணுகளா, மூக்காண்டி செவுத்துமேல ஏறி..."

என் கதை! கதையையும் திருடிவிட்டாள். நான் திகைத்து நிற்பதற்குள் ஒரு சிறுமி என்னைப் பார்த்துவிட்டாள்.

"களவாணிங்க வந்துட்டாருங்க!"

பிள்ளைகள் கும்மாளமாக ஓடிவந்து சூழ்ந்துகொண்டன.

"உங்க கதை சொன்னாத்தானுங்கண்ணா இதுக வாயே தொறக்குதுங்க" என்றாள் ருக்மணி. "கதவு தொறந்துதானுங்க கெடக்குது. செவுரேறி எதுக்குங்க வந்தீங்க?"

"சும்மா, செவரு பலமா இருக்கான்னு பாத்தேன்."

அதற்குள் அந்தச் சிறுமி என் கையில் கரண்டியைத் திணித்துவிட்டாள். கதைப்படி அடுத்தது அதுதானே. சோறு போட்டேன்.

சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆகவே தினமும் போய்ப் பார்க்கிறேன். நேராகக் கதவு வழியே போனால் பிள்ளைகள் சாப்பிடமாட்டேன் என்கின்றன. சுவரேறித்தான் வர வேண்டுமாம். அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் போட்டு மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என் தறிகள் இரைகின்றன. கீழே ஒடிசாப் பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பேரில் இந்த ஊர் மரியாதையைச் சேர்த்துக் கூப்பிடுகின்றன:

"களவாணிங்க, எறங்குங்க!"