குழாய்க்குள் நின்ற வட்டம்

அம்பத்தூரில் ஒரு சிறிய சோதனைக்கூடத்தில் நானும், பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரும் நண்பனும் வேலை பார்த்தோம். கண்ணாடிக் குழாயில் திரவத்தை நிதானமாக ஓடவிட்டு, அதில் மூழ்காமலும் மேலெழாமலும் மிதக்கும் நுண்மணிகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றன என்று பார்ப்போம். ரசமட்டம் வைத்துக் குழாய் சாயவில்லை என்று உறுதி செய்து, நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. அந்த விதியைப் போட்டவன் நான்தான்.

ஒரு நாள் அவன் கத்தினான்: "மாமே, மணிங்க நடுவுலயும் இல்ல, ஓரத்துலயும் இல்ல. ரெண்டுக்கும் இடையில வட்டம் கட்டிகினு போவுது, வந்து பாரு!"

"குழாய் சாஞ்சிகீது. மட்டம் ஒழுங்கா பாத்தியா?"

"சாஞ்சா கீயதான போவும்? மேலயும் கீதே!"

நான் எழுந்துகூடப் போகவில்லை. கையெழுத்துப் போட மறுத்து, சிவப்பு மையில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அடுத்த வாரம் அவன் காய்ச்சலில் படுத்தான். பத்து நாளில் இறந்துபோனான்.

பிறகு நான் தனியாக, மூன்று முறை மட்டம் பார்த்து ஓட்டினேன். குழாயின் முனைக்குக் குனிந்து உள்ளே பார்த்தேன். அவன் சொன்ன வட்டம், நடுவே வெறுமையோடு, இமைக்காத கண் போல என்னைப் பார்த்தது. பயந்துபோய், வந்த வழியே திரும்பினால் வட்டம் கலைந்துவிடும் என்று பம்பைத் திருப்பிப் பின்னோக்கி ஓட்டினேன். மணிகள் திரும்பி வந்தன, வட்டம் கலையவில்லை.

நோட்டில் கையெழுத்திட்டேன். பக்கத்துக் கட்டம் இன்றும் காலியாகவே இருக்கிறது. என் விதிப்படி இந்தச் சோதனையும் செல்லாது.