மின்கம்பத்தில் ஆள் இருந்தபோது

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பாவுக்கு, நாங்கள் நைனா என்போம், தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயைப் பொருத்தி அனுப்பினார்கள். அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு போய்விட்டது. குழாயில் சளி அடைத்தால் மோட்டார் வைத்த ஒரு மெஷினால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். அதை நான்தான் செய்தேன்.

எங்கள் ஊர் தோணிரேவு, ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரிக்காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே கரண்ட் போய்விடும். முதல் வாரத்தில் ஒரு முறை பாதி உறிஞ்சும்போதே மோட்டார் நின்றது. நல்லவேளையாக உடனே வந்துவிட்டது. அன்றிலிருந்து விளக்கு லேசாக மங்கினாலே நைனாவின் கட்டிலருகே ஓடுவேன்.

என் வீட்டுக்காரர் மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். லாரி பேட்டரிகள் இரண்டும், பழைய டிரான்ஸ்பார்மர்களும் வாங்கிவந்து அவரே இரண்டு இன்வெர்ட்டர் பெட்டிகள் செய்தார். இரண்டையும் ஒன்றாக இணைத்தால் வீடு முழுக்க ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. இணைத்துப் பார்த்தபோது குண்டு பல்பு பளிச்சென்று எரிவதும் மங்குவதுமாக மூச்சு வாங்கியது. கருகிய வாடை வந்ததும் பிடுங்கிவிட்டார்.

"ரெண்டும் ஒரே தாளத்துல ஓடல. ஒண்ண ஒண்ணு இழுக்குது" என்றார்.

"அப்போ நைனாவுக்கு ஒண்ணு, வூட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சிடுங்களேன்" என்றேன்.

அப்படியே பிரித்தார். சுவரில் ஒரு பெரிய கைப்பிடி சுவிட்ச்: மேலே தள்ளினால் லைன் கரண்ட், கீழே இழுத்தால் பேட்டரி. இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. அதன் கீழே சின்ன சுவிட்ச் ஒன்று. நைனாவின் பெட்டி கைவிட்டால் மெஷினை வீட்டுப் பெட்டிக்கு மாற்ற. "மாத்துறதுக்கு முன்னாடி ஃபேன், லைட்டு எல்லாத்தையும் நிறுத்திடு. ரெண்டு சுமையையும் அது தாங்காது" என்று பத்து தடவையாவது சொல்லியிருப்பார்.

அந்த வருட ஐப்பசியில் புயல் வந்தது. பொன்னேரி சாலை தண்ணீரில் மூழ்கி, வேலைக்குப் போனவர் மீஞ்சூரிலேயே மாட்டிக்கொண்டார். ஊரே இருட்டு. ஈரக்காற்றில் நைனாவுக்கு அடிக்கடி சளி அடைத்தது. மறுநாள் காலை பேட்டரியின் அளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் லைன்மேன் வந்தார். எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள கம்பத்தில் கம்பி அறுந்திருந்தது. மோட்டார் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, ஊரு பூரா கரண்ட் இல்ல, உன் வூட்ல மட்டும் ஓடுது?"

நைனாவையும் பேட்டரியையும் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அது லைனுக்குத் திரும்பி வந்துச்சின்னா மேல நான் கருகிடுவேன். எல்லாத்தையும் நிறுத்து. அப்பதான் ஏறுவேன்."

"சுவிட்ச் இருக்குதுண்ணா. வெளிய போவாது."

"சுவிட்ச நம்பி நான் ஏற முடியாதும்மா. எனக்கும் புள்ளைங்க கீது."

கட்டிலிலிருந்த நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். நிறுத்து என்று கையசைத்தார். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். மறுபடியும் கோபமாக அசைத்தார். அவரைக் கைவிடவும் முடியவில்லை, லைன்மேனைக் குறை சொல்லவும் முடியவில்லை. அவர் பயம் நியாயமானது. ஆனால் கம்பி கட்டினால்தானே கரண்ட் வரும்? கரண்ட் வராவிட்டால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

மீட்டர் பலகையைப் பார்த்தேன். இரண்டு பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். "இத எடுத்துகினு மேல போங்கண்ணா. உங்ககிட்ட இருக்கற வரைக்கும் வூட்டுக்கும் கம்பத்துக்கும் தொடர்பே இல்ல."

கட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். வெளிக்கம்பியில் டெஸ்டரை வைத்தார், அதன் விளக்கு எரியவில்லை. கட்டைகளைக் காக்கிச்சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் நைனாவுக்கு அடைத்தது. மெஷினைப் போட்டேன். பாதியில் முனகி நின்றுவிட்டது. நைனாவின் பெட்டியிலிருந்து கருகிய வாடை. நைனாவின் நெஞ்சு இழுத்தது, கண்கள் பெரிதாயின. ஓடிப்போய் ஃபேனையும் லைட்டையும் நிறுத்தினேன். பெரிய சுவிட்சா, சின்னதா? ஒரு நொடி கை எதற்கும் போகவில்லை. சின்னதைத் திருப்பினேன். மோட்டார் உறுமியது. சளி வந்ததும் நைனா மூச்சை இழுத்தார்.

மேலிருந்து கத்தல்: "இன்னாம்மா, சத்தம் நின்னுபோச்சே! பெரியவரு நல்லாகீறாரா?"

"நல்லாகீறாருண்ணா!" என்றபோதுதான் நான் அழுவது எனக்கே தெரிந்தது.

இறங்கிவந்து கட்டைகளைக் கொடுத்தபோது அவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. "மோட்டாரு ஓடும்போதெல்லாம் பயமா இருந்துச்சிம்மா. நின்னப்போ அத விட பயமாப்பூட்டுது" என்றார்.

மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது. அதற்குப் பிறகு இடுப்பளவு தண்ணீரில் நடந்து என் வீட்டுக்காரரும் வந்துசேர்ந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய சுவிட்சைக் கழற்றித் தெருப்பக்கச் சுவரில், மழை படாத தகரப்பெட்டிக்குள், கைப்பிடி மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி மாட்டினார். கைப்பிடி கீழே இருக்கிறதா, வீடு லைனிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று கம்பத்தடியிலிருந்தே தெரியும். அதன்பின் கம்பமேற வரும்போதெல்லாம் லைன்மேன் முதலில் எங்கள் சுவருக்கு வந்து, கைப்பிடியைத் தானே ஒருமுறை கீழே இழுத்துப் பார்ப்பார். பிறகு ஜன்னல் வழியாக நைனாவைப் பார்த்துக் கையசைப்பார். நைனாவும் அசைப்பார்.